எங்கள் தெரு கலைத்தெரு ஆகிறது, நாங்கள் அங்கே இருப்போமா?

பெங்களூரு அல்சூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்திலிருந்து வாசகி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவர் ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியை. அம்மாவோடும் மகனோடும் 11 வருடமாக ஒரே வீட்டில், முதல் மாடியில், 12 லட்சம் ரூபாய் லீசுக்கு இருக்கிறார் (மொத்தமாகப் பணம் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருந்து, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்வது). இரண்டு வருடத்துக்கு முன் அந்தச் சந்தில் ஓடு போட்ட பழைய வீடு ஒன்றை நாலைந்து இளம் ஓவியர்கள் வாடகைக்கு எடுத்து ஸ்டூடியோ ஆக்கினார்கள். இவருக்கும் அவர்களுக்கும் நட்பானது. தெருப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்தினார்கள், வீட்டுக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு ஆறு சுவரில் வரைந்தார்கள். ஆட்கள் படம் எடுக்க வர ஆரம்பித்தார்கள், முனையில் ஒரு கஃபே வந்தது. இப்போது எல்லோருமாகச் சேர்ந்து சங்கம் பதிவு செய்து, தை மாதம் இரண்டு நாள் தெரு விழா எடுக்க நினைக்கிறார்கள். அதே நேரத்தில் வீட்டு ஓனர் லீஸ் தொகையை 20 லட்சமாக்கச் சொல்கிறார், இல்லையென்றால் மார்ச் கடைசியில் காலி செய்யச் சொல்கிறார். கஃபே வாசலில் பூ விற்கும் அக்காவை எழுந்து போகச் சொல்லியிருக்கிறார்கள், பக்கத்துத் தையல் கடை அண்ணனுக்கும் அதே கதி. குறள் எழுதிய சுவரைக் காட்டி, கன்னடம் ஏன் இல்லை என்று ஒருவர் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். 'சங்கத்தைப் பதிவு செய்துவிட்டால் இதையெல்லாம் தடுக்கலாம்தானே வக்கீலம்மா?' என்பது அவருடைய கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் விழாவும் சங்கமும், கடைசி அரைப் பக்கம்தான் லீஸ். நான் அதைத் தலைகீழாகப் படித்தேன். அந்தத் தெருவை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது நீங்களும் பூக்கார அக்காவும் தையல்கார அண்ணனும் அந்தப் பிள்ளைகளும்தான். நீங்கள் எல்லோரும் அங்கிருந்து போய்விட்டால், சுவரில் ஓவியம் இருக்கும், கஃபே இருக்கும், நீங்கள் சொல்கிற அந்தத் தெரு இருக்காது. அதனால் சங்கத்துக்கு முன்னால் ஆட்கள் தங்குவதற்கு வழி பார்ப்போம்.

டெல்லி லோதி காலனி மாதிரி நாங்களும் ஆக முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே ஐம்பதுக்கு மேற்பட்ட சுவரோவியங்கள் இருக்கின்றன, பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் அவை அரசுக் குடியிருப்புகளின் சுவர்கள். உள்ளே இருப்பவர்கள் அரசு ஊழியர்கள், வீடு ஒதுக்கீட்டில் வந்தது. வெளியே எத்தனை பேர் வந்து படம் எடுத்தாலும் அவர்களிடம் வந்து எட்டு லட்சம் கூடுதலாகக் கேட்க அங்கே ஒரு ஓனர் இல்லை. மும்பையில் 1999 முதல் விழா நடக்கிற காலா கோடாவும் பெரும்பாலும் காட்சிக்கூடங்களும் அலுவலகங்களும் உள்ள பகுதி. உங்கள் சந்து அப்படி இல்லை. வீட்டுக்கு வீடு தனி ஓனர், பாதிப் பேர் லீஸ், மீதிப் பேர் வாடகை. இங்கே ஒரு சுவர் அழகானால் அதன் விலை அடுத்த வீட்டு ஒப்பந்தத்தில் வந்து உட்காரும். ஓவியர்கள் மேல் தப்பில்லை, அவர்களும் வாடகைக்காரர்கள்தான், அடுத்த முறை ஸ்டூடியோ வாடகை ஏறும்போது அவர்களுக்கும் இதே நிலைதான்.

முதலில் உங்கள் வீட்டுக் காகிதம்

மூன்று வருடத்துக்கு ஒரு முறை 200 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கியிருக்கிறீர்கள். பெங்களூரில் லீசுக்கு இருக்கிற நிறையப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சப்-ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். நோட்டரி முத்திரை பதிவு ஆகாது. பதிவாகாத பத்திரத்தை வைத்து 'மூன்று வருடம் இருக்க எனக்கு உரிமை உண்டு' என்று நீதிமன்றத்தில் நிற்பது கஷ்டம். பணம் கொடுத்ததைக் காட்ட அது உதவும், அந்த அளவுக்குத்தான்.

இதைவிட எனக்குக் கவலை தந்தது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. 8 லட்சம் செக், அப்புறம் 4 லட்சம் கையில் ரொக்கமாக, ரசீது இல்லை. இன்றைக்கு ஓனர் நல்லவர்தான், நாளைக்கு அவருடைய பிள்ளைகள் வந்து 'எட்டுதானே கொடுத்தீர்கள்' என்றால் என்ன செய்வீர்கள்? நல்ல வேளையாக, அவர் உங்களுக்கு அனுப்பிய வாட்ஸ்ஆப் செய்தியையும் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். 'அந்த 12-ஐ 20 ஆக்கிக் கொடுங்க, இல்லேன்னா மார்ச்சுக்குள்ள வேற வீடு பாருங்க.' கோபத்தில் அதை அழித்துவிடாதீர்கள். 12 லட்சம் தன்னிடம் இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்ட செய்தி அது. ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அந்த போனையும் மாற்றாமல் பத்திரமாக வையுங்கள், ஏனென்றால் நீதிமன்றத்துக்குப் போகும் நிலை வந்தால் செய்தி இருக்கிற கருவியைப் பற்றிச் சான்று கொடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்து, வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா? ஓனர் கடன் கட்டாமல் விட்டால் வங்கி 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தில் வீட்டைக் கையகப்படுத்த முடியும், அப்போது பதிவில்லாத லீஸ்காரரின் பேச்சு அவ்வளவாக எடுபடாது. இந்த ஊரில் லீஸ் பணத்தை இப்படித் தொலைத்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். ஈசி எனப்படும் வில்லங்கச் சான்று எடுங்கள், ஆனால் அது மட்டும் போதாது, மூலப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து வாங்கிய கடன் சில சமயம் அதில் வராது. அசல் பத்திரத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அடமானங்களைப் பதிகிற செர்சாய் என்ற மத்தியப் பதிவேட்டில் சிறு கட்டணம் கட்டி நீங்களே தேடிப் பார்க்கவும் முடியும்.

12 வருடம் ஆகிவிட்டால் வீடு நமக்கே சொந்தம் என்று மகனின் டியூஷன் வாத்தியார் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை மறந்துவிடுங்கள். 12 வருடக் கணக்கு, உரிமையாளரை எதிர்த்து வெளிப்படையாக அனுபவித்து வருபவருக்கானது. ஓனர் அனுமதியோடு, பத்திரம் எழுதிக் குடியிருப்பவர் எத்தனை வருடம் இருந்தாலும் குடியிருப்பவர்தான். அதை வாய்விட்டுச் சொன்னால், இவ்வளவு நாள் முகம் கொடுத்துப் பேசிய ஓனர் அன்றைக்கே வக்கீலிடம் போவார்.

அதற்காக நாளைக்கே உங்களை வெளியேற்றிவிட முடியும் என்றும் அர்த்தம் இல்லை. கெடு முடிந்தாலும் நீதிமன்றத்தின் மூலமாகத்தான் காலி செய்ய வைக்க முடியும். சாமானைத் தூக்கி வெளியே போட்டாலோ பூட்டைப் போட்டாலோ, ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு உள்ளே திரும்பி வரும் வழி சட்டத்தில் இருக்கிறது. தண்ணீரை நிறுத்தினால் தடை உத்தரவு கேட்கலாம். அப்புறம் ஒன்று, முழுப் பணமும் உங்கள் கணக்கில் ஏறும் வரை சாவியைக் கொடுக்காதீர்கள். 'வேற ஆள் வந்ததும் தர்றேன்' என்பார்கள். வேண்டாம்.

பூக்கார அக்காவும் தையல்கார அண்ணனும்

இவர்களுக்கு உங்களைவிடச் சட்டத்தில் கொஞ்சம் பிடிமானம் இருக்கலாம், அது அவர்களுக்கே தெரியாது.

அக்கா உட்கார்ந்திருப்பது நடைபாதை, கஃபேயின் இடம் இல்லை. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை ஏற்கெனவே வியாபாரம் செய்பவரை அப்புறப்படுத்தக் கூடாது. மாநகராட்சிக்கே அந்தக் கட்டுப்பாடு இருக்கும்போது கஃபே மேனேஜர் 'எழுந்திரு' என்று சொல்ல எந்த அதிகாரமும் இல்லை. வியாபாரிச் சான்றிதழோ அடையாள அட்டையோ அவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், அவர் அங்கே உட்கார்ந்திருப்பது தெரிகிற பழைய போட்டோக்களைத் தேடுங்கள். உங்கள் ஓவிய நண்பர்கள் இரண்டு வருடமாகத் தெருவைப் படம் எடுத்து வைத்திருப்பார்கள், அதில் தேதியோடு எத்தனை படங்களில் அக்காவின் கூடை தெரிகிறதோ அத்தனையும் ஆதாரம்.

தையல் கடை பத்துக்குப் பன்னிரண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். 120 சதுர அடி, அதாவது சுமார் 11 சதுர மீட்டர். 1999-ஆம் ஆண்டின் கர்நாடக வாடகைச் சட்டம் பெரிய கடைகளுக்குப் பொருந்தாது, 14 சதுர மீட்டருக்கு உட்பட்ட சின்னக் கடைகளுக்கு மட்டும் அந்தச் சட்டம் இடம் வைத்திருக்கிறது. வாடகை எவ்வளவு, கட்டடம் எப்போது கட்டியது என்பதையும் பார்க்க வேண்டும், அதனால் கண்டிப்பாகக் கிடைக்கும் என்று இங்கிருந்தே சொல்லமாட்டேன். ஆனால் காலி செய்கிறேன் என்று எழுதிக் கொடுக்கும் முன் டேப் வைத்து அளந்து, பழைய வாடகை ரசீதுகளோடு ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சட்டம் பொருந்தாத மாத வாடகைக்காரர்களுக்கு 15 நாள் நோட்டீஸ் போதும் என்பதுதான் நிலைமை, அதனால்தான் எது பொருந்தும் என்று முதலில் தெரிந்துகொள்வது இவ்வளவு முக்கியம்.

சுவர் யாருடையது, ஓவியம் யாருடையது

வீட்டுக்காரர் 'வரைஞ்சுக்கோங்கப்பா' என்று சொன்னது போதும் என்று நினைத்திருக்கிறீர்கள். போதாது. பொதுப் பார்வையில் படுகிற இடங்களில் எழுதுவதையும் வரைவதையும் 1981-ஆம் ஆண்டின் கர்நாடகச் சட்டம் ஒன்று கட்டுப்படுத்துகிறது, உள்ளாட்சியின் எழுத்துபூர்வ அனுமதி கேட்கிறது, மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம். அது விளம்பரங்களுக்காக வந்த சட்டம்தான், பிள்ளைகள் வரைந்த மயிலுக்காக யாரும் ஜெயிலுக்குப் போகமாட்டார்கள் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் உங்களைப் பிடிக்காத ஒருவர் புகார் கொடுக்க அது ஒரு கைப்பிடி. பிபிஎம்பி என்ற பழைய பெங்களூரு மாநகராட்சி இப்போது இல்லை, 2025 செப்டம்பரிலிருந்து ஐந்து மாநகராட்சிகள், உங்கள் வார்டு எதில் வருகிறதோ அங்கே மனு கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள். வீட்டுக்காரரிடமும் ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள்: எந்தச் சுவர், எத்தனை வருடம், அழிக்கும் முன் எத்தனை நாள் முன்னறிவிப்பு.

கஃபே தன் மெனு அட்டையில் உங்கள் சுவரோவியத்தை அச்சடித்தது பற்றி. தெருவில் இருப்பது எல்லோருக்கும் பொது, யாரும் பயன்படுத்தலாம் என்று கஃபேக்காரர் சொன்னது தவறு. பொது இடத்தில் இருக்கும் சிற்பத்தைப் படம் எடுக்கச் சட்டம் தருகிற விலக்கு சுவரோவியத்துக்கு அப்படியே பொருந்துவதில்லை. மும்பைச் சுவரோவியம் ஒன்றை ஒரு காப்பீட்டு நிறுவனம் விளம்பரப் பலகையில் பயன்படுத்திய வழக்கில், அந்த விளம்பரத்தை நீக்கும்படி 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் இங்கே நீங்கள் கவனிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவர்தான் பதிப்புரிமையின் முதல் உரிமையாளர். ஐந்து சுவர் நீங்களே செலவழித்து வரைந்தது, அது வரைந்தவருடையது. முனைச் சுவருக்குக் கஃபே 15,000 ரூபாய் கொடுத்திருக்கிறது. மெனுவில் வந்திருப்பது எந்தச் சுவர் என்று கடிதத்தில் இல்லை. அதைப் பார்த்துவிட்டு நோட்டீஸ் பற்றி யோசியுங்கள். இனிமேல் யாரிடம் பணம் வாங்கினாலும் 'பதிப்புரிமை வரைந்தவருக்கே' என்று ஒரு வரி எழுதாமல் தூரிகையைத் தொட வேண்டாம்.

ஓவியத்தைச் சிதைத்தால் வரைந்தவர் கேள்வி கேட்க அதே சட்டத்தில் 57-ஆவது பிரிவு இருக்கிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் வெண்கலச் சுவர்ப் படைப்பை அரசு கழற்றிச் சேதப்படுத்தியதற்காகச் சிற்பி அமர்நாத் சேகல் வழக்காடி, 2005-ல் ஐந்து லட்சம் இழப்பீடும் படைப்பைத் திரும்பப் பெறும் உரிமையும் வாங்கினார். ஆனால் வீட்டுக்காரர் வீட்டையே இடித்துக் கட்டினால் அதைத் தடுக்க இது உதவும் என்று நம்ப வேண்டாம். கட்டடத்தை இடிக்கும் உரிமையாளர் பக்கமும் 2019-ல் டெல்லி உயர் நீதிமன்றத்திலேயே தீர்ப்பு வந்திருக்கிறது.

கன்னடம் ஏன் இல்லை என்று கேட்டவர்

அவரை நீங்கள் மிரட்ட வந்தவராகப் பார்த்திருக்கிறீர்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம் என்ற 2024 சட்டத் திருத்தம் வணிக நிறுவனங்களுக்கு, வீட்டுச் சுவருக்கு அது பொருந்தாது, அந்த வகையில் பயம் வேண்டாம். ஆனால் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பது அவர் கேட்டதற்குப் பதில் ஆகாது. உங்கள் தெருவில் பாதிக் குடும்பங்கள் கன்னடமும் தெலுங்கும் உருதும் பேசுகிறவர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் யாராவது உங்கள் கூட்டத்துக்கு வந்தார்களா?

அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை 18 வருடம் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டில்தான் திறந்தது. அதே மாதம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறந்தார்கள். உங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இப்படி ஒரு வரலாறு இருக்கும்போது, குறளுக்குப் பக்கத்தில் சர்வக்ஞரின் மூவடி ஒன்றை அதே அளவு எழுத்தில் எழுதுங்கள். எந்த மூவடி என்று தேர்ந்தெடுக்க அந்த மனிதரையே கூப்பிடுங்கள். எழுதும் நாளில் அவர் குடும்பத்தோடு வருவார் என்று நினைக்கிறேன்.

சங்கமும் விழாவும்

கர்நாடகச் சங்கப் பதிவுச் சட்டம் 1960-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம், நுண்கலை வளர்ச்சியும் அதில் ஏற்கப்பட்ட நோக்கம்தான். ஆனால் பதிவுச் சான்றிதழை வைத்துக்கொண்டு வாடகையைக் கட்டுப்படுத்தவோ கடை வருவதைத் தடுக்கவோ முடியாது. சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கலாம், நன்கொடை வாங்கலாம், மாநகராட்சிக்கு ஒரே குரலில் மனு போடலாம். பதிலுக்கு ஆண்டுப் பொதுக்குழு, உறுப்பினர் பட்டியல், கணக்கு என்று வருடா வருடம் வேலை இருக்கும். பணம் புழங்க ஆரம்பிக்கும் வரை ஒரு நோட்டுப் புத்தகமும் வாட்ஸ்ஆப் குழுவும் போதும். பதிவு செய்யும்போது, நீங்கள் அனுப்பிய ஏழு பேர் பட்டியலை மாற்றுங்கள். அதில் ஐந்து பேர் ஓவியர்கள், ஒருவர் கஃபே உரிமையாளர், ஒருவர் நீங்கள். பூக்கார அக்கா இல்லை, கன்னடக் குடும்பத்திலிருந்து ஒருவர் இல்லை, சத்தம் போடாதீர்கள் என்று சண்டை போட்ட கீழ்வீட்டுத் தாத்தாவும் இல்லை. அவர் கண்டிப்பாக இருக்க வேண்டும், தெருவில் எல்லோருக்கும் எந்த நேரம் ஒத்துவரும் என்று அவருக்குத்தான் தெரியும்.

அவர் சொல்வதில் சட்டமும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துபூர்வ அனுமதி வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை கூடவே கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல்தான் அளவு, ஒரு சாதாரண ஸ்பீக்கர் செட்டே அதைத் தாண்டிவிடும். முதல் வருடம் மைக் இல்லாமல் நடத்துங்கள். கோலம், பறை வேண்டுமானால் மாலை ஒரு மணி நேரம், பிள்ளைகளின் ஓவியம் கயிற்றில், அம்மா பூக்கட்டச் சொல்லிக் கொடுக்கட்டும். இரண்டு நாள் வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். தெருவை அடைக்காமல் நடத்தினால் போக்குவரத்து போலீஸ் அனுமதியின் தலைவலியும் குறையும், ஸ்டேஷனில் மட்டும் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

விழா நடத்தத் தெரிந்தவர்கள் வெளியே எங்கோ இருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். சோமேஸ்வரர் கோயில் உற்சவத்தில் பூப்பல்லக்குகள் வரிசையாக வரும்போது யார் வசூல், யார் விளக்கு, யார் சாப்பாடு, எந்த வீட்டுத் திண்ணையில் பல்லக்கு நிற்கும் என்பதை வருடா வருடம் செய்து பழகிய மனிதர்கள் உங்கள் பகுதியில் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேரை ஸ்டூடியோவுக்கு டீ குடிக்கக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, வரும் ஞாயிற்றுக்கிழமை ஓனர் கொண்டு வருவதாகச் சொன்ன புதுப் பத்திரம். அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள், ஒரு நகல் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு வாரம் டைம் கேளுங்கள். பேசும்போது கேட்க வேண்டியது மூன்று விஷயம்: பழைய 12 லட்சம் முழுவதும் பத்திரத்தில் எழுத்தில் வர வேண்டும், பத்திரம் பதிவாக வேண்டும், அசல் மூலப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். இதற்கு ஒத்துக்கொண்டால் 20-க்குப் பதிலாக 14, 15 என்று பேசிப் பார்க்கலாம், கூடுதல் பணம் செக்கில் மட்டும். மூலப் பத்திரத்தைக் காட்ட மறுத்தால் ஒரு ரூபாய்கூடக் கூட்டாதீர்கள், மார்ச்சில் பணத்தை வாங்கிக்கொண்டு அதே தெருவில் வேறு வீடு தேடுங்கள், உங்கள் தெருக்காரர்களே அதற்கு உதவுவார்கள். பழைய பத்திரங்கள், செக் நகல், அந்த வாட்ஸ்ஆப் செய்தி எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு, பக்கத்தில் ஒரு சிவில் வக்கீலிடம் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் காட்டிவிடுங்கள். பணவசதி இல்லையென்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.